வைரத்தின் குறையும் வாங்குவோர் கண்ணும்

தங்கத்தை அறிவதற்கு எம்மவரிடம் உரைகல் இருந்தது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலும் கொழும்புச் செட்டியார் தெருவிலும் நகை வாங்கிய எம் தாய்மார் பவுணின் எடையைக் கேட்டனர்; மாற்றைக் கேட்டனர்; செய்கூலியைக் கேட்டனர்; அதன் பின்னரே பணமுடிச்சை அவிழ்த்தனர். வைரத்தைப் பொறுத்தவரையில் இத்தகைய பழக்கம் எம்மிடையே பரவலாக வளரவில்லை. சில வீடுகளில் பாட்டியாரின் வைரத்தோடு ஒரு சோடி இருந்தது. சில வீடுகளில் மூக்குத்தி இருந்தது. அவற்றை யார் வாங்கினார், என்ன விலை கொடுத்தார் என்பன குடும்பக் கதைகளாக எஞ்சின. எதனைப் பார்த்து வாங்கினார் என்ற அறிவு மட்டும் கைமாறி வரவில்லை.

இன்று வெக்ஸ்போர்ட்டிலும் அதனைச் சூழ்ந்த ஸ்காபரோப் பகுதிகளிலும் வாழும் எம் குடும்பங்களின் திருமணங்களில், தாலிக்கொடியோடு வைர மோதிரமும் இடம்பெறத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் விரும்புகின்றனர், பெற்றோர் மறுப்பதில்லை. இரண்டு வேலை செய்து சேர்த்த பணமும் தவணைக் கடனும் அந்தச் சிறு கல்லுக்குள் புகுந்துவிடுகின்றன. அவ்வேளை, "நகைதானே, ஒரு காலத்துக்கு உதவும்" என்ற ஆறுதலும் கூடவே எழுகின்றது.

அந்த ஆறுதல் காரணமின்றி எழுந்ததன்று. 1983 யூலையின் பின்னரும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் பெயர்ந்தபோதும், காணியையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தது தங்கத்தையே. அத் தங்கம் சிலருக்கு அரிசியாயிற்று, சிலருக்கு மருந்தாயிற்று, சிலருக்குக் கொழும்பு விடுதி வாடகையும் விமானச் சீட்டும் ஆயிற்று. ஆகவே நகை என்றால் காப்பு என்ற எண்ணம் எம் எலும்பில் ஊறியது. வைரமும் அத்தகைய காப்புத்தானா? அதன் தரத்தை யார் அளப்பது? எதனைக் கொண்டு அளப்பது? இக் கேள்விகளுக்குரிய விடையில் ஒரு பகுதி எம் பழைய நூல்களிலும் கல்வெட்டுகளிலும் இருக்கின்றது. மறுபகுதி உலக வைர வணிகத்தின் வரலாற்றில் இருக்கின்றது. இரண்டையும் ஈண்டு நோக்குவோம்.

மதுரைக் கடைத்தெரு

சிலப்பதிகாரத்தின் கதையை அறியாதார் எம்மில் இல்லை. கோவலன் விற்கக் கொண்டு சென்ற சிலம்பு அரசியின் சிலம்பென ஒரு பொற்கொல்லன் பொய் உரைத்தான். அரசன் சிலம்பினுள் இருந்த பரலைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லவும் இல்லை. உயிர் போன பின்னரே கண்ணகி சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். உள்ளே இருக்கும் கல்லை முதலிலேயே சோதித்திருந்தால் ஓர் உயிரும் ஒரு நகரும் தப்பியிருக்கும்.

இக் கதையைப் பலமுறை கேட்ட நாம் கவனியாது விடும் ஒரு செய்தி அதே நூலில் உண்டு. கோவலன் கொலையுண்பதற்கு முன்னர் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கின்றான். ஊர்காண் காதை எனப்படும் அப்பகுதியில், மணி விற்கும் வணிகர் தெரு விரிவாக வருணிக்கப்படுகின்றது. அங்கு விற்கப்படும் வைரம் எத்தகையது என்று சொல்லும்போது இளங்கோவடிகள் அதன் ஒளியை மாத்திரம் புகழ்ந்துவிட்டுப் போகவில்லை. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குறைகளைப் பெயர் சொல்லி எண்ணி, அவை நீங்கிய வைரம் என்கின்றார்.

காகபாதம் என்பது காக்கையின் காலடி போல் கல்லினுள் விரிந்து கிடக்கும் வெடிப்பு. களங்கம் என்பது மாசு. விந்து என்பது புள்ளி. ஏகை என்பது கீற்று, அதாவது இரேகை. இன்றைய ஆய்வுகூடங்கள் ஒரு வைரத்தை உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்துத் தேடுவனவும் பெரும்பாலும் இவையே: வெடிப்பு, கரும்புள்ளி, முகிற்படலம், கோடு. சிலப்பதிகாரத்தின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எக்காலமெனினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மிக முன்னரே தமிழ்க் கடைத்தெருவில் வைரத்தின் தரம் அதன் குறைகளைக் கொண்டு அளக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

தஞ்சைக் கல்வெட்டு

இலக்கியத்தில் வருவதைக் கவிஞரின் கற்பனை என ஒருவர் ஒதுக்கலாம். கல்லில் வெட்டிய கணக்கை அவ்வாறு ஒதுக்க இயலாது. முதலாம் இராசராசன் தஞ்சையில் எழுப்பிய பெருங்கோயிலில், அவனும் அவன் தமக்கை குந்தவையாரும் அரசியரும் கொடுத்த அணிகலன்கள் நூற்றுக்கணக்கான வரிகளில் பொறிக்கப்பட்டுள்ளன. 1010ஆம் ஆண்டை ஒட்டிய அக் கல்வெட்டுகள், பின்னர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் இரண்டாம் தொகுதியில் அச்சேறின. பொன்னை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லாலும், மணிகள் பதித்த அணிகளைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் எடைக்கல்லாலும் நிறுத்துப் பதிந்தனர். எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், எத்தனை முத்து என ஒவ்வொன்றும் எண்ணப்பட்டது.

எண்ணியதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதே இங்கு முக்கியமானது. வைரங்களின் வடிவத்தைக் கூறிய கையோடு, அவற்றுள் பொறிவு உள்ளவை, முறிவு உள்ளவை, இரத்தவிந்து எனப்படும் செம்புள்ளி உள்ளவை, காகவிந்து எனப்படும் கரும்புள்ளி உள்ளவை, வெந்தவை என்பனவும் அடங்கும் என்று எழுதி வைத்தனர். நெருப்புப் பட்டால் வைரத்தின் மேற்பரப்பு வெளிறி மங்கும் என்பதை இன்றைய பொற்கொல்லரும் அறிவர்.

கொடுத்தவன் பேரரசன். பெற்றவர் இறைவன். கேள்வி கேட்பார் எவரும் இலர். அவ்வாறிருந்தும், கொடுத்த கல்லின் குறையை மறையாது ஊரார் காணக் கல்லில் வெட்டினர். பிற்காலத்தில் எவரேனும் நல்ல கல்லை எடுத்துவிட்டுக் குறையுள்ள கல்லை வைத்தாலும், அன்றி நல்ல கல்லே கொடுக்கப்பட்டதாக வாதிட்டாலும், உண்மை சுவரில் நிற்கும். இன்று தரச்சான்றிதழ் என்று நாம் கேட்டு வாங்க வேண்டிய தாள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் கல்லாக நின்றது எனலாம்.

சைவர்களாகிய எம்மவர் படித்தும் கேட்டும் அறிந்த திருவிளையாடற் புராணத்திலும் இதே நெறியைக் காண்கின்றோம். மாணிக்கம் விற்ற படலத்தில், இளவரசனின் முடிக்கு மணிகள் தேவைப்பட்டபோது சிவபெருமான் இரத்தின வணிகராக வருகின்றார். வந்தவர் மூட்டையை அவிழ்த்து விலை கூறிவிடவில்லை. நவமணிகளின் பிறப்பையும் குணத்தையும் குற்றத்தையும் முதலில் எடுத்துரைக்கின்றார். வாங்குவோருக்குக் கற்பித்த பின்னரே விற்பது நல்ல வணிகரின் இலக்கணம் என்பதை எம் முன்னோர் இறைவன் மேலேயே ஏற்றிச் சொன்னார்கள்.

கொல்லூர்ச் சிறுவர்கள்

1720களில் பிரேசில் நாட்டில் வைரம் கண்டுபிடிக்கப்படும் வரை, போர்னியோவில் கிடைத்த சிறு அளவு தவிர, உலகின் வைரம் இந்தியாவிலிருந்தே சென்றது. கிருட்டிணை ஆற்றை அண்டிய கொல்லூர் முதலிய சுரங்கங்களை, பிரெஞ்சு வணிகரான தவேர்னியே பதினேழாம் நூற்றாண்டில் நேரில் கண்டார். 1676இல் வெளிவந்த அவரது பயண நூல், அக்கால வைர வணிகம் நடைபெற்ற முறையை விளக்குகின்றது.

வணிகர்களின் பிள்ளைகள், ஏறத்தாழ பத்து வயது முதல் பதினாறு வயது வரையிலானவர்கள், காலையில் ஊர்ச் சதுக்கத்து மரத்தடியில் வந்து அமர்வார்களாம். ஒவ்வொருவரிடமும் சிறு தராசும் எடைகளும் காசுப் பையும் இருக்கும். எவரேனும் ஒரு கல்லைக் கொண்டுவந்தால் மூத்த பையன் முதலில் பார்ப்பான். பின்னர் அது கைமாறிச் சுற்றி வரும். மாலையில் அன்று வாங்கிய கற்களை நீரோட்டம், எடை, தெளிவு என்பனவற்றின்படி அவர்கள் தரம் பிரிப்பார்கள். ஒளி பார்க்கும் விதத்தையும் தவேர்னியே குறித்துள்ளார். ஐரோப்பியர் பகலில் கல்லைச் சோதிக்க, இந்தியர் இரவில் சுவர் மாடத்தில் விளக்கேற்றி அதன் ஒளியில் சோதித்தனர். நீல நிறச் சாயல் உண்டா என்று அறிய, தழைத்த மரத்தின் பசுமையான நிழலில் கல்லைப் பிடித்துப் பார்ப்பது தவறாத வழி என்றும் எழுதியுள்ளார்.

இன்னொரு செய்தியும் அவர் தருகின்றார். கல் குறையற்றதாயின் இந்தியக் கைவினைஞர் அதனை மெருகிடுவதோடு விட்டுவிடுவர். குறை இருந்தால் அதனை மறைக்கச் சிறு சிறு பட்டைகளை நிறைய வெட்டுவர். பட்டை அதிகமாக மின்னினால் கல் நல்லதென்று நினைப்பவர் அன்றும் ஏமாந்தனர் என்பது இதனால் விளங்கும்.

கல் போய்ப் பெயர் வந்த காலம்

கோல்கொண்டா வைரம் என்பது உலகப் புகழ் பெற்ற பெயர். ஆயினும் கோல்கொண்டா சுரங்கமன்று. அது கோட்டையும் சந்தையும். சுரங்கங்கள் வேறிடங்களில் இருந்தன. சந்தையின் பெயர் கல்லின் பெயராகியது. கல்லின் பெயர் காலப்போக்கில் தரத்தின் பெயராகியது. அந்நாளில் சென்னைப்பட்டினமும் இவ் வணிகத்தின் முக்கிய துறைமுகமாக விளங்கிற்று. அங்கு குடியேறிய யூத வணிகர்கள் இலண்டனுக்கு வைரத்தை அனுப்பி, அதற்கு ஈடாகப் பவளத்தைத் தருவித்தனர். சென்னையிலுள்ள பவளக்காரத் தெரு அவ் வணிகத்தை இன்றும் நினைவூட்டுகின்றது.

பிரேசில் வைரம் சந்தைக்கு வந்தபோது, அது இந்திய வைரத்துக்கு ஈடாகாது என்ற பேச்சு ஐரோப்பாவிற் பரப்பப்பட்டது. அதனால் பிரேசில் கற்களைக் கோவாவுக்கு அனுப்பி, அங்கிருந்து இந்திய வைரம் என்ற பெயரில் மீண்டும் ஐரோப்பாவுக்கு விற்றார்கள் எனச் சொல்லப்படுகின்றது. கல் ஒன்றே; பெயர் மாறியதும் விலை மாறியது.

எமது தாயகத் தீவிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கை மண்ணில் நீலமும் மாணிக்கமும் வைடூரியமும் உண்டு. வைரச் சுரங்கம் இல்லை. ஆயினும் மாத்தறை வைரம் என்ற பெயர் ஐரோப்பிய வணிகர் வரை எட்டியிருந்தது. அது வைரமன்று, சிர்க்கன் என்னும் வேறொரு கல். நிறமற்ற சிர்க்கன் பார்வைக்கு வைரம் போலவே ஒளிரும். இலங்கையில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில், மாத்தறைச் சிர்க்கனில் வெளிறியவை தரம் குறைந்த வைரமென விற்கப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். அறிவியலுக்கு அக் கல் வேறொரு புகழைத் தந்தது. 1789இல் ஜேர்மனிய வேதியியலாளர் கிளாப்ரோத், இலங்கைச் சிர்க்கனை ஆராய்ந்தே சிர்க்கோனியம் என்னும் மூலகத்தைக் கண்டறிந்தார். கல் பொய்யானதன்று, அதற்கு இட்ட பெயரே பொய்யானது.

மாத்தறை வைரத்தை இனங்காண்பது கடினமன்று. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் மேற்புறத்திலிருந்து உள்ளே நோக்கினால், சிர்க்கனின் பின்புறப் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் ஒற்றையாகவே தெரியும். சிர்க்கனின் விளிம்புகள் அணிய அணியச் சிதைந்து தேயும். வைரத்தின் விளிம்பு கூர்மையாகவே நிற்கும். பழைய குடும்ப நகைகளை வைத்திருப்போர் இதனை ஒருமுறை பார்ப்பது நன்று.

தமிழகத்தில் வழங்கும் புளூ ஜாகர் என்ற பெயரின் கதையும் இத்தகையதே. தென்னாபிரிக்காவில் 1867இல் வைரம் வெளிப்பட்டது. 1870இல் ஜாகர்ஸ்பொன்டெயின் என்ற இடத்தில் வைரம் கிடைத்தது. 1893இல் எக்செல்சியர் என்னும் பெருங்கல்லைத் தந்த சுரங்கம் அதுவே. அங்கிருந்து வந்த நீலச் சாயலுள்ள வெண்கற்களைத் தமிழகத்துச் செல்வர் பெரிதும் விரும்பினர். ஏழு கல் பதித்த தோட்டுக்கும் பேசரிக்கும் ஜாகர்க் கல்லே வேண்டும் என்று கேட்டனர். ஆனால் அச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டுவிட்டது. அதன் பின்னரும் பெயர் மட்டும் கடைகளில் நிலைத்து நிற்கின்றது. இன்று புதிதாக அகழ்ந்து வரும் எந்தக் கல்லும் அச் சுரங்கத்துக் கல்லாக இருக்க முடியாது. அத்துடன், நீலச் சாயலுக்குப் பெரும்பாலும் காரணம், சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்பட்டுச் சில வைரங்கள் நீலமாக ஒளிர்வதேயாகும். இதனால் சற்று மஞ்சளான கல்லும் பகலில் வெண்மையாகத் தோன்றும். மின்விளக்கின் கீழ் அதன் உண்மை நிறம் வெளிப்படக்கூடும். மிக வலுவாக ஒளிரும் சில கற்கள் பால் கலந்தாற்போல் மங்கலாகவும் தெரியும்.

மீண்டும் எழுதப்பட்ட குறை

இவ்வாறு பெயர்கள் பெருகிய சந்தையில், 1888இல் தோன்றிய டி பியர்ஸ் நிறுவனம் தென்னாபிரிக்கச் சுரங்கங்களை ஒருங்கிணைத்து, சந்தைக்கு வரும் வைரத்தின் அளவையே நெடுங்காலம் கட்டுப்படுத்தியது. வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற கருத்துள்ள அதன் விளம்பர வாசகம் 1947இல் உருவானது. திருமண உறுதிக்கு வைர மோதிரம் என்ற வழக்கம் வட அமெரிக்காவில் ஆழ வேரூன்றியதில் அவ் விளம்பரத்துக்குப் பெரும் பங்குண்டு. எம் பிள்ளைகள் இங்கு காணும் வழக்கம் அதுவே. அதனைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. அது எங்கிருந்து வந்தது என்று அறிந்திருப்பது நல்லது.

குறையை எழுதி வைக்கும் நெறி 1931இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட இரத்தினக்கல்லியல் நிறுவகத்தின் மூலம் புதிய வடிவில் திரும்பி வந்தது. ஜி.ஐ.ஏ. என்று வழங்கும் அந் நிறுவகம் 1950களில் நிறத்துக்கும் தெளிவுக்கும் நிலையான படிகளை வகுத்தது. நிற வரிசை ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தில் தொடங்காது டி என்ற எழுத்தில் தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. ஏ, பி, சி என்ற எழுத்துகளையும் இரட்டை ஏ போன்ற குறிகளையும் வணிகர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி பயன்படுத்திப் பொருளற்றவையாக்கி இருந்தனர். ஆகவே எவரும் தொடாத எழுத்திலிருந்து புதிதாகத் தொடங்கினர்.

அந் நிறுவகம் பரப்பிய நான்கு அளவைகளும் வருமாறு.

முதலாவது நிறம். முற்றிலும் நிறமற்றது டி. வர வர மஞ்சள் கூடி இசட் வரை செல்லும். அடுத்தடுத்த இரு எழுத்துகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பழகாத கண்ணாற் காண்பது அரிது. ஆயினும் விலை வேறுபடும்.

இரண்டாவது தெளிவு. பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் குறையே காணாத கல் முதல், வெறுங்கண்ணுக்கே குறை தெரியும் கல் வரை பதினொரு படிகள் உண்டு. வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ., ஐ. என்று கடைகளிற் சொல்லப்படுவன இப் படிகளே. அணிபவரின் கண்ணுக்கு வி.எஸ். கல்லுக்கும் அதற்கு மேற்பட்ட கல்லுக்கும் பெரும்பாலும் வேறுபாடு தெரியாது. ஐ. எனத் தொடங்கும் படிகளிலோ இளங்கோவடிகள் சொன்ன காகபாதம் கண்ணாலேயே தெரியக்கூடும். விளிம்பை எட்டும் வெடிப்பாயின் கல் உடையும் ஆபத்தும் உண்டு. வைரம் கீறுபடாதது என்பது உண்மை. உடையாதது என்பது உண்மையன்று. குறித்த திசைகளில் அடிபட்டால் அது பிளந்துவிடும்.

மூன்றாவது வெட்டு. கல்லின் ஒளி பெரும்பாலும் இதனையே சார்ந்தது. இந்திய மரபு எடையைக் காக்க விரும்பியது. ஐரோப்பிய மரபு ஒளியை விரும்பியது. விக்டோரியா அரசியிடம் 1850இல் ஒப்படைக்கப்பட்ட கோகினூர், ஏறத்தாழ 186 கரட் எடை கொண்டிருந்தது. 1852இல் மறுபடி வெட்டப்பட்டபோது அது ஏறத்தாழ 106 கரட்டாகக் குறைந்தது. 1919இல் தொல்கோவ்ஸ்கி என்பவர், உள்ளே புகும் ஒளி கீழே ஒழுகாமல் மேல்நோக்கித் திரும்புவதற்கு எக் கோணங்கள் வேண்டும் என்பதைக் கணக்கிட்டு எழுதினார். அதிக ஆழமாக வெட்டிய கல் நடுவில் இருளும். அதிக தட்டையான கல் மீன்கண் போல் வெளிறும். எடைக்காகக் கல்லின் வயிற்றைத் தடிப்பாக விடுவது இன்றும் உண்டு. அப்போது நாம் பணம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத எடைக்கே.

நான்காவது எடை. இங்குதான் எம்மவர் பலர் தடுமாறுகின்றனர். 22 கரட் என்று தங்கத்துக்குச் சொல்வது மாற்றின் அளவு. ஒரு கரட் என்று வைரத்துக்குச் சொல்வது எடையின் அளவு. ஒரே சொல், இரு பொருள். 1907இல் வகுத்த அளவின்படி வைரத்தின் ஒரு கரட் என்பது 0.2 கிராம். மோதிரத்தின் உட்புறத்தில் 14 கரட் என்று முத்திரை இருந்தால் அது தங்கத்தைப் பற்றியது. கல்லைப் பற்றி அது எதுவும் கூறாது. மேலும், பல சிறு கற்களின் கூட்டு எடை ஒரு கரட் ஆக இருப்பதும், ஒரே கல் ஒரு கரட் ஆக இருப்பதும் ஒன்றல்ல. பெரிய கல் அரிது என்பதால் அதன் விலை பல மடங்கு. அரைக் கரட், ஒரு கரட் போன்ற முழு எண்களில் விலை திடீரெனத் தாவும். 0.95 கரட் கல்லுக்கும் ஒரு கரட் கல்லுக்கும் பார்வைக்கு வேறுபாடில்லை, விலையில் உண்டு.

கனடாவின் வைரம்

நாம் தஞ்சம் புகுந்த இந் நாடும் இன்று வைரம் தரும் நாடு. வடமேற்குப் பிரதேசத்தின் லக் டி கிரா ஏரிப் பகுதியில் வைரம் உண்டு என்பதை 1991இல் பிப்க்கி, புளுசன் என்னும் இருவரின் தேடல் நிறுவியது. 1998இல் எகாட்டி சுரங்கமும் 2003இல் டயவிக் சுரங்கமும் இயங்கத் தொடங்கின. எமது ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே விக்டர் சுரங்கம் 2008 முதல் 2019 வரை இயங்கியது.

கனடிய வைரத்தைச் சிலர் விரும்பிக் கேட்பதற்கு நியாயமான காரணம் உண்டு. சியரா லியோன், அங்கோலா ஆகிய நாடுகளில் வைரம் விற்ற பணம் ஆயுதமாகி, பல இலட்சம் மக்களை எம்மைப் போல் அகதிகளாக்கியது. அதனைத் தடுக்கும் பொருட்டு 2000இல் தொடங்கிய பேச்சுகளின் பயனாக, வெட்டாத வைரத்தின் வணிகத்துக்கான கிம்பர்லி ஒழுங்குமுறை 2003இல் நடைமுறைக்கு வந்தது. கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பது எமக்குத் தகும். ஆனால் பிறப்பிடம் வேறு, தரம் வேறு. கனடிய மண்ணிலும் களங்கமுள்ள கல் உண்டு. கோல்கொண்டா, மாத்தறை, ஜாகர் என்ற பெயர்கள் கற்பித்த பாடத்தைக் கனடா என்ற பெயரின் முன்னும் மறத்தல் ஆகாது.

ஆய்வுகூடத்தில் பிறக்கும் வைரம்

1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செயற்கையாக வைரம் ஆக்கப்பட்டது. தொழிற்சாலைக் கருவிகளுக்கெனத் தொடங்கிய அம் முயற்சி, இன்று நகைக்கடை வரை வந்துவிட்டது. இதனைப் போலி என்று சொல்வது தவறு. மாத்தறைச் சிர்க்கனும், 1976 முதல் விற்பனைக்கு வந்த கியூபிக் சிர்க்கோனியாவும், அதன் பின் வந்த மொய்சனைட்டும் வைரம் அல்லாத வேறு பொருள்கள். ஆய்வுகூட வைரமோ கரியணுக்களாலான உண்மையான வைரமே. கண்ணாலோ சாதாரண உருப்பெருக்கியாலோ அதனை இயற்கைக் கல்லிலிருந்து பிரித்தறிய இயலாது. தகுந்த ஆய்வுகூடக் கருவி வேண்டும்.

வேறுபாடு விலையில் உள்ளது. ஆக்குவது எளிதாக ஆக, அதன் விலை கடந்த சில ஆண்டுகளில் மிகவும் வீழ்ந்துவிட்டது. டி பியர்ஸ் நிறுவனமே 2018இல் ஆய்வுகூட வைர நகை விற்கத் தொடங்கி, 2025இல் அவ் வணிகத்தை மூடப்போவதாக அறிவித்தது. அழகுக்காக வாங்குவோருக்கு இது குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல கல். ஆனால் இயற்கைக் கல்லின் விலை கொடுத்து இதனை வாங்குவது பெரும் நட்டம். விற்பனைச் சீட்டில் எது என்று எழுதியிருக்க வேண்டும்.

வாங்குமுன் செய்யத்தக்கவை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து எம் குடும்பங்கள் கைக்கொள்ளத்தக்க சிலவற்றை இங்கு தொகுத்துரைப்போம்.

கல்லுக்குத் தனி ஆய்வுகூடச் சான்றிதழ் கேளுங்கள். விற்பவரே எழுதிக் கொடுக்கும் மதிப்பீடு வேறு. காப்புறுதிக்கென எழுதப்படும் மதிப்பீட்டில் உள்ள தொகை, விற்கும்போது கையில் வரும் தொகையன்று. பல கற்களின் விளிம்பில் சான்றிதழ் எண் லேசர்க் கதிரால் நுண்ணிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அதனை உருப்பெருக்கியின் கீழ் காட்டுமாறு கேட்டு, தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கடையின் கூரை விளக்குகள் எந்தக் கல்லையும் மின்ன வைப்பவை. கொல்லூர்ச் சிறுவர் விளக்கொளியிலும் மரநிழலிலும் பார்த்தது போல், நீங்களும் கல்லைச் சன்னல் ஓரத்துப் பகலொளியிலும் சாதாரண அறை விளக்கிலும் பாருங்கள். தனிக் கல்லாயின் வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் மஞ்சள் இருப்பின் தெரியும். ஒரு கல்லைத் தனியே பாராது, அதே எடையுள்ள வேறு இரு கற்களோடு வைத்துப் பாருங்கள்.

சூடு கடத்தும் திறனை அளக்கும் சிறு கருவியைக் கல்லில் வைத்து ஒலியெழுப்பிக் காட்டினால் மாத்திரம் திருப்தி அடையாதீர்கள். கியூபிக் சிர்க்கோனியாவை அது பிடித்துவிடும்; மொய்சனைட் அதில் வைரமென்றே தப்பிவிடும்; ஆய்வுகூட வைரமும் அவ்வாறே.

விற்பனைச் சீட்டில் எடை, நிறம், தெளிவு, இயற்கையா ஆய்வுகூடத்ததா என்பது, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை ஆகியன எழுத்தில் இருத்தல் வேண்டும். வாயாற் சொன்ன உறுதி கடை வாசலோடு முடிந்துவிடும்.

இறுதியாக, தங்கத்தையும் வைரத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தங்கத்துக்கு நாள்தோறும் விலை உண்டு, உருக்கினாலும் தங்கமே. ஒன்றை நிறுத்து மற்றொன்றோடு ஒப்பிடலாம். வைரத்துக்கு அத்தகைய நாள்விலை இல்லை. ஒவ்வொரு கல்லும் வேறு. வாங்கிய கடையின் இலாபமும் விலைக்குள் அடக்கம். மீண்டும் விற்கச் செல்பவர், கொடுத்த விலையில் ஒரு பகுதியையே பெறுவர். இக்கட்டான நாளுக்கென்று சேமிப்பவர் வைரத்தை நம்புவது பொருந்தாது. அன்புக்காகவும் அழகுக்காகவும் வாங்குபவர், தாங்கக்கூடிய அளவில் வாங்கி மகிழலாம். எதற்காக வாங்குகின்றோம் என்பதைக் கடைக்குப் போகுமுன் குடும்பத்தார் கூடிப் பேசித் தீர்மானிப்பது நன்று.

போரும் இடப்பெயர்வும் எம்மிடமிருந்து பலவற்றைப் பறித்தன. இங்கு நாம் உழைத்துச் சேர்ப்பதை ஒரு பெயரின் மயக்கத்தில் இழக்க வேண்டியதில்லை. பாண்டியன் பார்க்கத் தவறிய பரலைக் கண்ணகி உடைத்துக் காட்டியது காலம் கடந்த பின்னர். தஞ்சையிலோ கொடுக்கும் நாளிலேயே குறையை எண்ணி எழுதினர். "இக் கல்லின் குறை என்ன, எழுதித் தாருங்கள்" என்று கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது. எழுதித் தரத் தயங்காத வணிகரிடம் வாங்குவோம். தயங்குபவருக்கு வணக்கம் சொல்லி வெளியேறுவோம்.